காற்றாடிமலை கண்ட வேதசாட்சி

முக்கடல் கூடும் குமரி முனையும், மேகம் தவழும் மேற்கு மலையும், இடையே வயலும் வாழையும் தென்னையுமாகச் செழித்துக் கிடக்கும் நாஞ்சில் நாடும் சேர்ந்ததே நம் மாவட்டம். இம்மண்ணிலே பிறந்து, இம்மண்ணிலேயே இரத்தம் சிந்தி இறந்த ஒருவரின் பெயர், 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், உரோமையில் புனித பேதுரு பேராலயச் சதுக்கத்திலே உலகறிய வாசிக்கப்பட்டது. அவரே புனித தேவசகாயம். குருவானவராகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவியோடு இல்லறம் நடத்திய இந்தியருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவர். அவருடைய கதையைப் பாட்டி மடியில் கேட்டிராத பிள்ளைகள் நம் பள்ளியில் குறைவு. தெரிந்த கதையை மீண்டும் எழுதுவானேன் என்று தோழியர் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பத்தாம் வகுப்பு ஞானோபதேச வேளையில் ஒரு நாள் சிஸ்டர் ஞானஸ்நானத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். இரவு நேரத்தில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு, முதியவன் ஒருவன் மறுபடி எப்படிப் பிறக்கக் கூடும் என்று திகைத்த கதையைச் சொன்னார்கள். தண்ணீராலும் ஆவியாலும் மனிதன் புதிதாய்ப் பிறக்கிறான் என்றும், அன்று முதல் பசாசின் பிடியிலிருந்து மீட்கப்பட்டு இறைவனின் காவலில் வாழ்கிறான் என்றும் கூறினார்கள். அப்போது கடற்கரை ஊரிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நின்றாள். 2017-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் வீசிய ஓகிப் புயலில் அவளுடைய அப்பா ஆழ்கடலில் காணாமல் போனார். அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தாமே, கழுத்தில் உத்தரியம் அணிந்திருந்தாரே, படகைக்கூட சுவாமியார் வந்து மந்திரித்துக் கொடுத்தாரே, பின் அந்தக் காவல் எங்கே போயிற்று என்று கேட்டாள். அவள் அழவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பவள் போலத்தான் கேட்டாள். வகுப்பு முழுவதும் மூச்சடங்கிப் போயிற்று.

சிஸ்டர் உடனே விடை சொல்லவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, தேவசகாயத்தின் வாழ்க்கையை எல்லாரும் மீண்டும் படித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அப்படிப் படித்ததையும், பின்னர் அந்த இடங்களுக்குச் சென்று நாங்கள் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறோம். தோழியின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிட்டோம்.

மார்த்தாண்டத்திற்கு அண்மையில் உள்ள நட்டாலம் என்னும் சிற்றூரில், 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி காயங்குளத்தைச் சேர்ந்தவர். தாயார் தேவகி அம்மாள் நாயர் குலத்தவர். அக்குலத்து வழக்கப்படி பிள்ளை தாய்வீட்டிலே வளர்ந்தது. செல்வமும் செல்வாக்கும் மிகுந்த அக்குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் கல்வியும் போர்ப் பயிற்சியும் தவறாமல் கிடைத்தன. அந்நாளில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். மன்னர் மார்த்தாண்ட வர்மர். இளைஞர் நீலகண்டன் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலின் கருவூல அலுவலில் அமர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். இவ்வளவில் அவர் வாழ்க்கை குறையொன்றும் இல்லாத வாழ்க்கை எனலாம்.

இனி ஒரு வெளிநாட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மரின் படை தோற்கடித்தது. வரலாற்றுப் பாடத்தில் நாம் பெருமையோடு படிக்கும் போர் அது. அதன் வெற்றித்தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது. அப்போரில் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டிலனாய் என்னும் கத்தோலிக்கர். மன்னர் அவரது திறமையை அறிந்து, கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சியளிக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டையைக் கட்டி வலுப்படுத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. எதிரியாக வந்தவர் வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்று, இந்நாட்டிலேயே வாழ்ந்து, 1777-இல் இங்கேயே மடிந்தார். அவருடைய கல்லறை கோட்டைக்குள் இடிந்த ஆலயம் ஒன்றில் இருக்கிறது. அக்கல்லறையின் மேல் தமிழிலும் இலத்தீனிலும் எழுதியிருப்பதை நாங்கள் கண்டோம். ஓர் ஐரோப்பியத் தளபதியின் கல்லறையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது.

கோட்டை வேலையில் கூலி கொடுக்கும் பொறுப்பு நீலகண்டனுடையது. ஆகவே இருவரும் நாள்தோறும் சந்தித்தனர், நண்பராயினர். அக்காலத்தில் நீலகண்டனின் வீட்டில் துன்பம் புகுந்தது. மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. விளைச்சல் பொய்த்தது. வீட்டுத் தெய்வத்திற்குச் செய்த பூசைகள் பலன் தரவில்லை என்று அவர் மனம் சோர்ந்தார். முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டறிந்து, வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையை அவருக்குக் கூறினார். மாடும் மனையும் மக்களும் உடல்நலமும் அனைத்தும் இழந்தும் இறைவனை இழக்காத யோபு, நீலகண்டனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டார். எங்கள் தோழி கேட்ட அதே கேள்வியோடுதான் அவரும் டிலனாயின் முன் நின்றிருக்கிறார் என்பதை இந்த இடத்தைப் படித்தபோதுதான் உணர்ந்தோம். கதையின் முடிவில் யோபு இழந்தவற்றை எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பப் பெறுகிறார். நீலகண்டன் அப்படிப் பெறவில்லை. இதைத் தோழியர் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

ஞானஸ்நானம் பெற அவர் விரும்பியபோது டிலனாய் அவரை வடக்கன்குளத்திற்கு அனுப்பினார். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. அங்கே இயேசு சபையைச் சேர்ந்த இத்தாலியக் குருவானவர் புத்தாரி சுவாமியார் இருந்தார். அரண்மனை ஊழியர், உயர்குலத்தவர், மன்னரின் கோபத்திற்கு ஆளாகக் கூடியவர். ஆகையால் வந்தவுடன் தண்ணீர் ஊற்றிவிடவில்லை. வேதம் கற்பித்து, உறுதியைச் சோதித்த பின்னரே, 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 33.

நாமெல்லாம் கைக்குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர்கள். நமக்காகப் பதில் சொன்னவர்கள் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும்தான். நம்முள் பலர் அந்நேரம் தூங்கிக்கொண்டோ வீறிட்டு அழுதுகொண்டோ இருந்திருப்போம். நீலகண்டனோ வளர்ந்த மனிதராய், என்ன வரும் என்று தெரிந்தே நின்றார். அக்கால முறைப்படி நாவில் உப்பு வைக்கப்படும். நெஞ்சிலும் தோள்களுக்கிடையிலும் எண்ணெய் பூசப்படும். பசாசை விட்டுவிடுகிறாயா, அதன் செயல்களை விட்டுவிடுகிறாயா, அதன் ஆடம்பரங்களை விட்டுவிடுகிறாயா என்று மும்முறை கேட்கப்படும். மும்முறையும் விட்டுவிடுவதாகத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். பின் வெள்ளாடையும் எரியும் மெழுகுவர்த்தியும் தரப்படும். எண்ணெய் பூசுவது ஏன் என்று சிஸ்டர் எங்களுக்கு விளக்கினார்கள். பண்டை நாளில் மற்போருக்கு இறங்கும் வீரன் எதிரியின் பிடியில் சிக்காதிருக்க உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்வானாம். அப்படியானால், காவல் தருகிறோம் என்று சொல்லும் அதே நேரத்தில் போர் ஒன்று வருகிறது என்றும் திருச்சபை சொல்லிவிடுகிறது. இது எங்களுக்கு அதுவரை தோன்றாத எண்ணம்.

லாசர் என்ற பெயர் அவருக்கு வழங்கப்பட்டது. கடவுளின் உதவி என்பது அதன் பொருள். அதையே தமிழில் தேவசகாயம் என்றனர். பார்கவி அம்மாளும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். எத்துணை அழகான பெயர்! கணவர் சிறைப்பட்ட பின் அந்த அம்மையார் பட்ட பாட்டை எழுதியவர்கள் குறைவு என்பது எங்கள் குறை. சொந்த ஊரையும் உறவையும் விட்டு வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே அவர் உயிர்நீத்தார்.

ஞானஸ்நானத்திற்குப் பின் தேவசகாயத்தின் நடையில் கண்ட மாறுதலே அரண்மனையில் பலருக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்தவம் நம் கடற்கரைக்குப் புதிதன்று. அதற்கு இருநூறு ஆண்டு முன்னரே, 1544-இல், புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடலோரத்தில் பல்லாயிரம் முக்குவருக்கு ஞானஸ்நானம் அளித்திருந்தார். டிலனாய் கோட்டைக்குள்ளேயே ஆலயம் கட்டி வழிபட்டார். மீனவர் கிறிஸ்தவராய் இருக்கலாம், வெள்ளைக்காரர் கிறிஸ்தவராய் இருக்கலாம். அரண்மனையில் பணிபுரியும் நாயர் ஒருவர் கிறிஸ்தவராகி, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோரோடு சமமாய் அமர்வதும் உண்பதும்தான் பெருங்குற்றமாகப் பட்டது. தெருவில் இன்னார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருந்த காலம் அது. அவரோ எல்லாரையும் அருகில் அழைத்தார். மறுபிறப்பு என்றால் என்ன என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் காட்டுவோம். பிறப்பினால் வந்த பெருமையை அவர் கழற்றி வைத்தார். திருச்சபையும் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, பழைய நூல்களில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை விலக்கிவிட்டது. தாமதமானாலும் நல்ல காரியம்.

மன்னரிடம் கோள் சொன்னார்கள். நாட்டின் இரகசியங்களை அந்நியருக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்ற பழியும் சுமத்தப்பட்டது. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மதம் மாறியதற்காக மார்த்தாண்ட வர்மர் யாரையும் கொன்றதில்லை, வேறு குற்றத்திற்காகவே தண்டித்திருப்பார் என்று எழுதும் வரலாற்றாசிரியர் உண்டு. ஆயினும் 1756-ஆம் ஆண்டிலேயே கொச்சி ஆயர், அவர் விசுவாசத்திற்காகவே உயிர் கொடுத்தார் என்று உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் திருச்சபை ஏற்றுக்கொண்டதும் அதையே. மன்னர் மார்த்தாண்ட வர்மர் நாட்டைக் காத்த வீரர் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. இரண்டும் நம் மண்ணில் நடந்த வரலாறே.

அவருக்கு இழைத்த கொடுமைகளை எழுதவே கை கூசுகிறது. கைகளைப் பின்புறம் கட்டி, கழுத்தில் எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மாட்டின் மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பரிமேல் செல்லும் தகுதியுடைய அதிகாரிக்கு எருமை என்பது எவ்வளவு பெரிய அவமானம்! அடித்துக் காயமாக்கி, காயத்தில் மிளகாய்ப் பொடி தூவி, கொளுத்தும் வெயிலில் உட்கார வைத்தார்கள். வீட்டில் வற்றல் இடிக்கும்போது கண்ணில் ஒரு துளி தூள் பட்டாலே நாம் வீட்டைக் கூட்டி அலறுகிறோம். தாகத்திற்குத் தேங்கி நாறிய தண்ணீரைக் கொடுத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் அவர் மன்றாடி முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். நாங்கள் சென்றபோது ஆறு பேர் வரிசையில் நின்று அத்தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தனர். பாறையில் உள்ள குழி சிறியது, ஒரு சிரட்டை அளவுதான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.

பின்னர் நாகர்கோவிலுக்கு அருகில் உள்ள பெருவிளையில், ஆராச்சார் எனப்படும் கொலைத் தண்டனை நிறைவேற்றுவோரின் பொறுப்பில் அவரை விட்டார்கள். அங்கே மாதக் கணக்கில் ஒரு வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தார் என்பர். வெயில், மழை, பனி எல்லாம் அந்த மரத்தடியில்தான். ஆனால் நடந்ததோ விந்தை. அவரைப் பார்க்க மக்கள் திரளத் தொடங்கினர். நோயாளிகள் அம்மரத்தின் இலையைப் பறித்துச் சென்று குணமடைந்தனர் என்றும், பிள்ளையில்லாத ஆராச்சார் ஒருவருக்கு அவருடைய மன்றாட்டால் பிள்ளை பிறந்தது என்றும் சொல்வார்கள். நம் ஊர்களில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது போல, தீமை அண்டாதிருக்க அவர் மரத்து இலையை வீட்டில் வைத்தார்கள் போலும். எங்களை நிறுத்தியது வேறொன்று. தம்மைக் கட்டி வைத்து அடித்தவனின் வீட்டில் தொட்டில் ஆட வேண்டும் என்று அவர் வேண்டினார். வெறுப்பு என்ற பசாசு அந்தச் சங்கிலிவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். உடம்பைத் தொட்டார்கள், அவருடைய வேலையை எடுத்தார்கள், மனைவியிடமிருந்து பிரித்தார்கள், மாடு கன்று எதுவும் திரும்பி வரவில்லை. தொட முடியாதது ஒன்றுதான் இருந்தது என்று சொன்னோம். எங்கள் தோழி அப்போது பேசவில்லை. சற்றுப் பொறுத்து, அது அவருக்குச் சரி, ஞானப்பூ அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாள். சிஸ்டர் அவள் தோளில் கை வைத்தார்கள். அந்தக் கேள்விக்கு எங்களுள் எவரிடமும் விடை இல்லை.

மக்கள் கூட்டம் பெருகியதால் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு போனார்கள். நாஞ்சில் நாட்டின் வாசல் அது. கணவாய் வழியே வீசும் காற்று ஆளைத் தள்ளும். அதனால்தான் இன்று முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. அங்குள்ள குன்றின் பெயரே காற்றாடிமலை. ஏழு ஆண்டுகளுக்கு முன் புதுமனிதராகத் திரும்பி வந்த வடக்கன்குளத்துப் பாதை அந்தக் கணவாய் வழியேதான் செல்கிறது. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, நடக்க வலுவின்றி இருந்தவரைச் சேவகர்கள் குன்றின்மேல் தூக்கிச் சென்றனர். செபிக்கச் சற்று நேரம் கேட்டுப் பெற்று, முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு துப்பாக்கியால் சுட்டனர். அவருக்கு நாற்பது வயது நிறையவில்லை. கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்றாண்டுக்குச் சில வாரங்களே குறைவு. நாம் பொங்கல் பானை வைக்கும் நாளை ஒட்டியே அவருடைய திருநாளும் வருகிறது.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டனர். சில நாள் கழித்தே கிறிஸ்தவர்கள் தேடிக் கண்டு, மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்தனர். நம்மில் பலர் ஆண்டுதோறும் சவேரியார் திருவிழாவுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, அக்கல்லறையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளிக்கப்பட்டது. எங்கள் அக்காமார் சிலர் அன்று பாடகர் குழுவைப் பார்க்கக் காலையிலேயே போய் இடம் பிடித்த கதையை இன்றும் சொல்வார்கள். பத்தாண்டு கழித்து உரோமையில் புனிதர் பட்டம். வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றது மே 14. உரோமையில் பட்டம் கிடைத்தது மே 15. இடையே 277 ஆண்டும் ஒரு நாளும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பின் ஒரு சனிக்கிழமை எங்களைக் காற்றாடிமலைக்கு அழைத்துச் சென்றார்கள். அடிவாரத்தில் வியாகுல மாதா ஆலயம் இருக்கிறது. மகனை இழந்த தாயின் பெயரால் அவ்விடத்தில் ஆலயம் அமைந்திருப்பது பொருத்தம் என்று எங்களுக்குத் தோன்றியது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மேலே ஏறினோம். காற்று பேசவிடவில்லை. பாவாடையைப் பிடிப்பதா, தாவணியைப் பிடிப்பதா என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தனர். உச்சியில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. அவர் சுடப்பட்ட நேரத்தில் அப்பாறை மணிபோல் ஒலித்தது என்பார்கள். சிறு கல்லெடுத்துத் தட்டினால் இன்றும் வெண்கல ஓசை எழுகிறது. வருவோரெல்லாம் தட்டித் தட்டிப் பாறையில் வெண்ணிறத் தழும்புகள் விழுந்திருக்கின்றன.

ஒவ்வொருவராய்த் தட்டினோம். எங்கள் தோழி கடைசியாக வந்தாள். உடல் கிடைக்காததால் தன் அப்பாவுக்குக் கல்லறை இல்லை என்றும், கல்லறைத் திருநாளன்று எங்கே மெழுகுவர்த்தி வைப்பது என்று தெரியாமல் அம்மா கடற்கரை மணலில் வைப்பார்கள், காற்று அணைத்துவிடும் என்றும் அன்றுதான் எங்களுக்குச் சொன்னாள். பிறகு கல்லை எடுத்து மூன்று முறை தட்டினாள். மூன்று முறையும் நன்றாகக் கேட்டது. இன்னொரு முறை தட்டட்டுமா என்று கேட்டாள். பேருந்து காத்திருந்தும் சிஸ்டர் தலையசைத்தார்கள்.